திருத்தமும் புரட்டும்

கதை எழுதிப் பிழைக்கிறவன் பொய்யைப் பற்றிப் பேசலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. தாராளமாகப் பேசலாம் என்பது என் கட்சி. தங்கத்தில் செம்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை நாம் பத்தரிடம்தானே கேட்கிறோம்? நான் இல்லாத மனிதர்களை உண்டாக்குகிறேன். நடக்காத கல்யாணங்களை நடத்தி வைக்கிறேன். உயிரோடு இருக்க வேண்டியவர்களைக் கதையின் நன்மைக்காகக் கொன்றும் இருக்கிறேன். ஆனால் என் புத்தகத்தின் அட்டையில் ‘நாவல்’ என்று அச்சிட்டிருக்கிறது. அந்த ஒரு சொல் எனக்கும் வாசகருக்கும் நடுவே எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம். அதற்குள்ளே நான் என்ன செய்தாலும் அது மோசடி ஆகாது. போட்டோ என்ற ஒரு பொருள் இருக்கிறதே, அதற்கு இப்படிப்பட்ட ஒப்பந்தம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எடுத்தவன் எதுவும் எழுதித் தருவதில்லை. பார்க்கிறவர்தான், ‘இது இருந்தது, இவன் பார்த்தான்’ என்று தம் பக்கத்துக் கையெழுத்தைத் தாமாகவே போட்டுவிடுகிறார். ஒருவர் மட்டும் கையெழுத்திட்ட பத்திரம் அது. இன்னொருவருடைய மனச்சாட்சியை நம்பி விடப்பட்டது.

பிரயாணக் கட்டுரைகள் எழுதப் போகும் இடங்களுக்கு நான் காமிராவும் எடுத்துச் செல்கிறவன். சில ஆண்டுகளாக அதனோடு ஒரு டேப்லெட்டும் சேர்ந்துகொண்டது. (மருந்துக் கடையில் இந்தப் பெயரைச் சொன்னால் வேறொன்றைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். நல்ல தமிழ்ப் பெயர் வைக்கும் பொறுப்பைப் புலவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.) பள்ளிக்கூடத்துச் சிலேட்டு அளவுதான் இருக்கிறது. காமிராவின் கார்டைக் கழற்றி, விரல் நீளமுள்ள ஒரு சிறு கருவியின் வழியாக இதில் செருகிவிட்டால், பகல் முழுவதும் எடுத்த படங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இருட்டிய பகுதியை வெளிச்சமாக்கலாம், சாய்ந்த அடிவானத்தை நிமிர்த்தலாம், வேண்டாத ஓரத்தை வெட்டலாம். எல்லாவற்றுக்கும் விரலே போதும். முன்பெல்லாம் மடியில் வைக்கும் கம்ப்யூட்டரும் அதன் வயர்களும் தனிப்பையில் வந்தன. மலையேறுகிறவனுக்கு ஒவ்வொரு கிலோவும் ஒரு பாவமூட்டை. அந்தப் பாரம் குறைந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆகவே, புதுச் சாதனத்தைக் கண்டு புலம்புகிற கிழவனின் கட்டுரை இது என்று வாசகர்கள் எண்ண வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது அவ்வளவு புதிதும் அல்ல. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னால் பிரயாணம் செய்த போட்டோக்காரனும் படத்தை எடுத்த இடத்திலேயே முடித்தாக வேண்டியிருந்தது. 1851-இல் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரத் தகட்டு முறை அப்படி. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது உலர்வதற்குள்ளே காமிராவில் வைத்து எடுத்து, உலர்வதற்குள்ளேயே கழுவியும் விட வேண்டும். சில நிமிஷங்களுக்கு மேல் அவகாசம் கிடையாது. ஆகவே இருட்டறையையே கூடாரமாகச் சுமந்துகொண்டு போனார்கள். 1863 முதல் இமயமலையில் மூன்று நெடும் பிரயாணங்கள் செய்த சாமுவேல் போர்ன், கண்ணாடித் தகடுகளும் மருந்துப் புட்டிகளும் கூடாரமுமாக ஒரு பெரிய சுமைகாரர் படையே பின்னால் வரச் சென்றவர். 1866-இல் ஸ்பிதி எல்லையிலுள்ள மணிராங் கணவாயில், ஏறக்குறைய 18,600 அடி உயரத்தில், அந்தத் தகட்டைப் பூசி, எடுத்து, கழுவியிருக்கிறார். குளிரில் விரல்கள் மரத்துப்போயிருக்கும். அவர் படங்களைப் பார்த்தால் அது தெரிவதில்லை. சுமந்தவர்களின் முதுகும் தெரிவதில்லை.

பிறகு பிலிம் வந்தது. எடுப்பதற்கும் பார்ப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டாயிற்று. பிரயாணி ஊர் திரும்பி, பிலிம் சுருளைக் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, பிறகுதான் தான் கண்டதைத் தானே பார்த்தான். 1935-இல் வந்த கோடாக்ரோம் என்ற வண்ணப் பிலிமை வீட்டில் கழுவவே முடியாது. அதற்கென்று அமைந்த ஆய்வுக்கூடங்களுக்குத்தான் போக வேண்டும். அந்தக் கோடாக்ரோமைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி ஆய்வுக்கூடம் அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்துப் பார்ஸன்ஸ் என்ற சிற்றூரில் இருந்தது. 2010 டிசம்பர் 30-ஆம் தேதியோடு அது சுருள்களை வாங்குவதை நிறுத்திக்கொண்டது. முதல் ஐபேட் கடைக்கு வந்ததும் அதே 2010-இல்தான், ஏப்ரல் மாதத்தில். ஒரே ஆண்டில் ஒரு கதவு சாத்தியது, மற்றொன்று திறந்தது. தற்செயல்தான். ஆனாலும் எனக்கு இந்தத் தற்செயல் பிடித்திருக்கிறது.

இப்போது அந்த இடைவெளி மீண்டும் மறைந்துவிட்டது. போர்னின் கூடாரத்தை நாம் தோள்பையில் வைத்திருக்கிறோம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அவருடைய கூடாரத்தில் படத்தைத் தோன்றச் செய்யத்தான் முடிந்தது. நம்முடைய கூடாரத்தில், தோன்றியதை மறையச் செய்யவும் முடிகிறது.

இங்கே சுத்தவாதிகள் ஒரு யோசனை சொல்வார்கள்: “எடுத்த படத்தைத் தொடவே தொடாதே, தொடாத படம்தான் சத்தியம்.” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தொடாத படம் என்று ஒன்று உலகத்தில் இல்லை. இன்றைய காமிராவின் உள்ளே இருக்கும் சில்லில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒன்றைத்தான் வாங்கிக்கொள்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்வது யந்திரத்தின் வேலை. விளக்கு வெளிச்சத்தில் எடுத்த முகம் மஞ்சளாக விழுகிறது. நம் கண் அப்படிப் பார்க்கவில்லை. மூளை அந்த மஞ்சளைக் கழித்துவிட்டுத்தான் நமக்குக் காட்டியது. ஆகவே, அந்த மஞ்சளை நீக்குகிறவன் பொய் சொல்கிறான் என்றால், நம் எல்லோருடைய மண்டைக்குள்ளும் ஒரு பொய்யன் உட்கார்ந்திருக்கிறான் என்று ஆகும்.

பழைய படங்களின் வானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து மருந்து நீல நிறத்துக்கு மட்டுமே அதிகமாக மயங்கும். தரை சரியாக விழுமளவு திறந்து வைத்தால் வானம் வெளுத்துப் போகும். பிரான்ஸில் குஸ்தாவ் லெ க்ரே 1850-களில் கடல் படங்கள் எடுத்தபோது, கடலுக்கு ஒரு தகடும் வானத்துக்கு வேறொரு தகடுமாக எடுத்து இரண்டையும் சேர்த்து அச்சிட்டார். நம் ஊருக்கே வருவோம். 1850-களின் பிற்பகுதியில் சென்னை அரசாங்கத்தின் போட்டோக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த படங்கள் இன்றும் உலகத்து மியூஸியங்களில் இருக்கின்றன. அவர் காகித நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் தீட்டினவர். மரத்துக்கு இலையும் தீட்டியிருக்கிறார். அதே மனிதர்தான் தஞ்சைப் பெரிய கோவிலின் விமானத்து அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை, 21 படங்களாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையாகக் கொடுத்தார். கல்லில் வெட்டிய எழுத்தை நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவன் படிக்கட்டும் என்று செய்த காரியம் அது. மேகத்தைத் தீட்டியதற்காக எனக்கு அவர்மீது கோபமில்லை. 1858-இல் ஒரு பிற்பகல் மதுரை வானத்தில் மேகம் இருந்ததா என்று கேட்டு எந்த வழக்கும் நடக்கப் போவதில்லை. கல்வெட்டில் ஓர் எழுத்தைத் தீட்டிச் சேர்த்திருந்தால்?

ஆகவே கோடு ‘தொட்டான்’, ‘தொடவில்லை’ என்பதில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது. எங்கே என்று நான் யோசிக்க நேர்ந்தது கின்னௌரில்.

2022 அக்டோபரில் ஹிமாசலப் பிரதேசத்துக் கல்பாவில் நான்கு நாள் தங்கியிருந்தேன். போர்னும் முதல் பிரயாணத்தில் இந்த ஊருக்கு வந்தவர்தான். அப்போது சினி என்று பெயர். எதிரே கின்னர் கைலாசம், 6000 மீட்டருக்கு மேல். கீழே பாதாளத்தில் சட்லெஜ் நதி. ஆப்பிள் பறித்து முடியும் காலம். அதே விடுதியில் கோவையிலிருந்து வந்த ஓர் இளைஞனும் தங்கியிருந்தான். கல்யாணங்களுக்குப் படம் எடுத்துச் சம்பாதித்து, அந்தப் பணத்தில் மலை மலையாகச் சுற்றுகிறவன். நல்ல கண் உள்ளவன். இதை உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. இரவில் விடுதியின் சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து அவரவர் பலகையில் அவரவர் படங்களைத் திருத்திக்கொண்டிருப்போம். விடுதிக்காரப் பெரியவர் டீ கொண்டு வருவார்.

அன்றைக்கு அந்தப் பையன் பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரு படம் எடுத்திருந்தான். முன்னால் ஆப்பிள் தோட்டம், நடுவே சரிவு, மேலே பனி. குறுக்கே இரண்டு உயரழுத்த மின்கோபுரங்கள், அவற்றின் கம்பிகள். அந்தப் பள்ளத்தாக்கை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சட்லெஜில் 1500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி, கர்ச்சம் வாங்டூ என்று வரிசையாக மின் திட்டங்கள். மலையைக் குடைந்து நதியைச் சுரங்கத்தில் விட்டுத் திரும்ப எடுக்கிறார்கள். அந்த மின்சாரம் சமவெளிக்குக் கம்பியில்தானே வர வேண்டும்? பையன் விரலால் தடவினான். ஒரு கோபுரம் போயிற்று. மறுபடி தடவினான். அடுத்ததும் போயிற்று. கம்பி இருந்த இடத்தில் பாறையும் தேவதாரு மரமும் தாமாக முளைத்தன. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“தம்பி, இது நியாயமா?” என்றேன், பாதி விளையாட்டாக.

அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. “சார், நான் ஒன்று கேட்கிறேன். பத்தடி இடது பக்கம் நகர்ந்து நின்று எடுத்திருந்தால் அந்தக் கோபுரம் இரண்டும் மரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். அதை யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள். சரிவில் நிற்க இடமில்லாததால் நகரவில்லை. காலால் செய்தால் கலை, விரலால் செய்தால் பொய்யா?”

மிகவும் நல்ல கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. பதில் சொல்லவேண்டிய சிரமத்தை விடுதிக்காரப் பெரியவர் தீர்த்து வைத்தார் என்று சொல்ல முடியாது; அவர் அதை வேறு பக்கமாகத் திருப்பினார். டீ டம்ளரை வைத்துவிட்டுப் படத்தைக் குனிந்து பார்த்தவர், “இது நம்ம பள்ளத்தாக்குத்தானே? டவர் எங்கே?” என்றார் ஹிந்தியில்.

பையன் சிரித்துக்கொண்டே, அழகுக்காக எடுத்துவிட்டதாகச் சொன்னான்.

பெரியவர் சிறிது நேரம் படத்தையே பார்த்தார். “பேட்டா, அந்த டவர் நிற்கிற இடத்தில் என் அண்ணன் மரங்கள் இருந்தன. டவருக்காக மரம் போயிற்று. நீ டவரையும் எடுத்துவிட்டாய். அப்புறம் மரம் எதற்காகப் போயிற்று என்று யாராவது கேட்டால் நாங்கள் எதைக் காட்டுவது?”

கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பவர்போலத்தான் கேட்டார். பிறகு சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

அன்றிரவு வெகு நேரம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பையன் கேட்டதற்கான பதில் பிறகுதான் மெல்லத் தெளிந்தது. பத்தடி நகர்ந்து எடுத்திருந்தால், அந்தப் படத்தைப் பார்க்கிற எவரும் கல்பாவுக்குப் போய் அதே இடத்தில் நின்று அதே காட்சியைக் காணலாம். மறுபடி பத்தடி நகர்ந்து, மறைந்த கோபுரத்தையும் காணலாம். காலால் செய்த தேர்வில் உலகம் முழுசாக இருக்கிறது. நான் ஒரு பக்கமாகப் பார்த்தேன், அவ்வளவுதான். விரலால் அழித்த படத்துக்கு நிற்க இடமே இல்லை. இந்தப் பூமியில் எங்கே போய் நின்றாலும் அந்தக் காட்சி தெரியாது. அங்கே கோபுரம் இல்லை என்று அது சாட்சி சொல்கிறது. அங்கே கோபுரம் இருக்கிறது. ஒரு பக்கமாகச் சாட்சி சொல்வதும் குற்றமாகலாம், அது வேறு விஷயம். இல்லாததைக் கண்டேன் என்பது இன்னொரு ஜாதிக் குற்றம்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பழைய வழக்குகளைப் பார்த்தேன். 1982 பிப்ரவரியில் ‘நேஷனல் ஜியாக்ரபிக்’ பத்திரிகை தன் அட்டையில் எகிப்துப் பிரமிடுகளை வெளியிட்டது. படம் அகலவாட்டில் எடுத்தது, அட்டையோ உயரவாட்டு. ஆகவே ஒரு பிரமிடைக் கம்ப்யூட்டரில் நகர்த்தி மற்றதன் பக்கத்தில் வைத்தார்கள். காலால் நகர்ந்தும் பிரமிடுகள் நெருங்கித் தெரியும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அந்தக் குறிப்பிட்ட காட்சிக்கு நிற்க இடம் கிடையாது. நாலாயிரத்து ஐந்நூறு வருஷம் அசையாமல் இருந்ததை அட்டைக்காக அசைத்தார்கள் என்று உலகம் சிரித்தது. 2014 ஜனவரியில், ஸிரியா யுத்தத்தில் எடுத்த படம் ஒன்றின் மூலையில் கிடந்த இன்னொருவருடைய வீடியோ காமிராவை அழித்ததற்காக, நார்சிஸோ கோன்ட்ரெராஸ் என்பவரோடு அஸோஸியேட்டட் பிரஸ் தன் உறவை முறித்துக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டுதான் அவர் புலிட்ஸர் பரிசு பெற்றவர்களில் ஒருவர். மூலையில் கிடந்த ஒரு காமிராவுக்காகவா என்று முதலில் எனக்கும் பட்டது. பிறகு, அந்த மூலையை மட்டும் நம்பு, இந்த மூலையை நம்பாதே என்று ஒரு படத்துக்குப் பக்கத்திலேயே நின்று யார் சொல்லிக்கொண்டிருப்பது என்றும் பட்டது.

ஆனால் என் அளவுகோல் எல்லா இடத்திலும் பிடிக்கவில்லை. 2015-இல் வேர்ல்டு பிரஸ் போட்டோ பரிசு பெற்ற ஒரு வரிசைப் படங்கள், பெல்ஜியத்துச் சார்ல்ரோவா நகரத்தைப் பற்றியவை. அதில் ஒரு படம் சார்ல்ரோவாவில் எடுத்ததே அல்ல, பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த பகுதியில் எடுத்தது என்று தெரிந்ததும் பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். படத்தில் ஒரு புள்ளியைக்கூட அழிக்க வேண்டியிருக்கவில்லை. அடியில் எழுதிய ஊர்ப் பெயர் போதுமானதாக இருந்தது. புரட்டு விரலிலே இல்லை, பேனாவிலே இருந்தது. எழுத்தாளனாகிய எனக்கு இது ஓர் எச்சரிக்கை. போட்டோக்காரர்களை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நான் தப்பிவிட முடியாது.

மற்றொரு வழக்கு எனக்கு நேரடியாகவே எரிச்சலைத் தந்தது. கோடாக்ரோமின் கடைசிச் சுருளை எடுத்த பெருமை ஸ்டீவ் மக்கரிக்கு உரியது. இந்தியாவை அவரைப்போல் வண்ணத்தில் கண்டவர்கள் குறைவு. 2016-இல் இத்தாலியில் நடந்த கண்காட்சியில் அவருடைய கியூபாப் படம் ஒன்றில் ஒரு கம்பத்தின் துண்டு தவறான இடத்தில் தொங்குவதை ஒருவர் கண்டுபிடித்தார். தேடத் தேட வேறு படங்களிலும் ஆட்கள் காணாமல் போயிருப்பது தெரிந்தது. அவர், தாம் பத்திரிகைச் சாட்சி அல்ல, காட்சியால் கதை சொல்கிறவர் என்ற தோரணையில் விளக்கம் கொடுத்தார். கதை சொல்கிறவரா! நல்லது, வரட்டும், எங்கள் பந்தியில் இடம் இருக்கிறது. ஆனால் இலையில் உட்காருவதற்கு முன்னால் எங்களைப்போல் அட்டையில் ‘நாவல்’ என்று அச்சிட்டுவிட்டு வர வேண்டும். செய்திக்குரிய மரியாதையும் வேண்டும், கதைக்குரிய சுதந்தரமும் வேண்டும் என்பது, இரண்டு வீட்டிலும் விருந்து சாப்பிட்டுவிட்டு ஒரு வீட்டிலும் மொய் எழுதாமல் போகிற காரியம்.

இவ்வளவு கண்டிப்பாகப் பேசிவிட்டேன். இனி, என் கண்டிப்பைத் தளர்த்திய ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும்.

கல்பாவிலிருந்து ஸ்பிதிப் பக்கம் போகும் சாலை பழைய ஹிந்துஸ்தான்–திபெத் ரஸ்தா. மலை சரிந்துகொண்டே இருக்கும். சாலையைச் செப்பனிட்டுக்கொண்டே இருப்பார்கள். 2021 ஆகஸ்டில் அந்தச் சாலையில் நிகுல்சாரி என்ற இடத்தில் மலை இடிந்து பஸ்ஸின் மேலும் கார்களின் மேலும் விழுந்து 28 பேர் மாண்டார்கள். கல் உடைக்கவும் தார் கொதிக்க வைக்கவும் ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பஸ் நின்ற ஓர் இடத்தில், தும்காவிலிருந்து வந்த ஒரு பெண்ணை அவள் சம்மதத்தோடு படம் எடுத்தேன். புருவம், இமை, உதடு எல்லாம் வெள்ளைத் தூசு. கண்கள் மட்டும் கறுப்பு. அற்புதமான படம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாலை திறக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். பலகையை எடுத்துப் படத்தை அவளிடம் பெரிதாகக் காட்டினேன்.

அவளுக்குப் பிடிக்கவில்லை.

“பாபு, இந்தத் தூசைத் துடைத்துவிடு” என்றாள். “பையனுக்கு அனுப்பவேண்டும். ஊரில் பாட்டியோடு இருக்கிறான்.”

துடைக்கலாமா என்று நான் தயங்கியதை அவள், துடைக்க முடியாதோ என்ற சந்தேகமாக எடுத்துக்கொண்டாள். “இது என் முகம் இல்லை பாபு. இது ரோட்டினுடையது” என்று விளக்கினாள்.

நம் ஊர் ஸ்டூடியோக்கள் எனக்கு ஞாபகம் வந்தன. தாஜ்மகாலும் பூங்காவும் வரைந்த திரைக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படங்கள். நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் அம்மைத் தழும்பை மறைத்து ‘டச்சிங்’ செய்து தருவார்கள். இறந்தவரைச் சாய்த்து உட்கார வைத்து எடுத்து, மூடிய கண்களைத் திறந்ததுபோல் வரைந்து கொடுத்த படங்கள் எத்தனை வீடுகளில் மாலையோடு தொங்குகின்றன! அவற்றைப் பொய் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தத் தாஜ்மகாலைப் பார்த்து எவரும் ஆக்ராவுக்கு வழி கேட்கவில்லை. அந்தக் கண்களைப் பார்த்து எவரும் அவர் உயிரோடு இருப்பதாக ஏமாறவில்லை. படத்தில் இருக்கிறவரும், படத்தைப் பார்க்கிறவரும், திருத்தியது எது என்று தெரிந்தே ஒப்புக்கொண்ட திருத்தம் அது. ஒப்பந்தத்தில் இரண்டு கையெழுத்தும் இருக்கிறது.

பஸ்ஸின் நிழலில் உட்கார்ந்து தூசைத் துடைத்தேன். லேசான வேலையல்ல. விரல் போதாமல் அதற்கென்ற பென்சிலை எடுத்தேன். இமை மயிர்களுக்கு நடுவே, உதட்டு வெடிப்புகளில், காதோரத்தில். தூசுக்கு அடியில் எந்த நிறம் இருக்கும் என்று காமிராவுக்குத் தெரியாது. பக்கத்தில் அவள் முந்தானையால் கன்னத்தைத் துடைத்துக் காட்டி, “இப்படி” என்றாள். அவளே உட்கார்ந்து எனக்கு நிறம் சொன்னாள். முடிந்ததும் அவள் போனுக்கு அனுப்பினேன். அங்கிருந்த மற்றப் பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு பேர் தங்களையும் எடுத்துத் துடைக்கச் சொன்னார்கள்.

துடைக்காத மூலப்படம் என்னிடம் இருக்கிறது. இந்தப் பலகையில் திருத்துகிற முறையில் ஒரு நல்ல குணம்: மூலத்தை அது தொடுவதில்லை. என்னென்ன திருத்தம் என்ற குறிப்பை மட்டும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. வேண்டும்போது குறிப்பைக் கிழித்துவிட்டால் பழைய படம் அப்படியே நிற்கும். அந்தத் தூசுமுகத்தை வெளியிட்டால் பத்திரிகைகள் சந்தோஷமாகப் போடும். உழைப்பின் துயரத்தைக் காட்டும் படம் என்று பாராட்டும் வரும். அது உண்மையும்கூட. ஆனால் அந்த முகத்துக்குச் சொந்தக்காரி, ‘இது என்னுடையது அல்ல’ என்று எனக்கு நேரிலேயே சொல்லியிருக்கிறாள். துடைத்த படத்தை வெளியிட்டால் வாசகருக்குத் துரோகம்: அந்தச் சாலையில் தூசே இல்லை என்று ஆகிவிடும். துடைக்காததை வெளியிட்டால் அவளுக்குத் துரோகம். இரண்டையும் வெளியிடவில்லை. கட்டுரையில் எழுத்தால் எழுதினேன், பெயர் சொல்லாமல். எல்லாருக்கும் இது சம்மதமாக இருக்காது. என் நண்பரான ஒரு பத்திரிகைப் போட்டோக்காரர், “நீர் மென்மனசுக்காரர், இப்படி ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் உலகத்தில் ஒரு கொடுமையும் வெளியே வந்திராது” என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கொடுமை செய்கிறவனிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

படம் எடுத்த இடத்திலேயே திருத்துவதில் உள்ள பெரிய லாபம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டுக்கு வந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு திருத்துகிறவனுக்கு ஆட்சேபம் சொல்ல எதிரே ஆள் இல்லை. கல்பாவில் டீ கொண்டு வருகிறவர் குனிந்து பார்த்து, டவர் எங்கே என்கிறார். நேற்றுத் திருத்தியது சரியா என்று காலையில் கதவைத் திறந்து மலையைப் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கவும் வேண்டும், ஏனென்றால் இந்தப் பலகை இரவில் ஏமாற்றும். இருட்டறையில் அதன் வெளிச்சம் கண்ணைக் கூசுவதால் படத்தை வேண்டியதற்கு மேல் கறுக்க வைத்துவிடுவோம். அச்சிலே அது கரியாக வரும். அறை விளக்குக்குத் தக்கபடி திரையின் நிறத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும் ட்ரூ டோன் என்ற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கண்ணுக்கு இதம், படத்துக்கு ஆபத்து. நிறம் பார்க்கும்போது அதை அணைத்துவிடுவது என் வழக்கம். இரவுக்கென்று திரையை மஞ்சளாக்கும் நைட் ஷிஃப்ட்டும் அப்படியே.

இன்றைக்கு இந்தப் பையன்கள் கையில் இன்னும் பலமான வசதிகள் வந்துவிட்டன. 2024-இலிருந்து லைட்ரூம் என்ற திருத்தும் செயலியிலேயே, ஆளையோ கம்பத்தையோ சுற்றிக் கோடு போட்டால் போதும். அழித்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யந்திரமே கற்பனை செய்து நிரப்புகிறது. அண்ணன் தோட்டத்து மரத்தைக்கூட அது நட்டுக் கொடுக்கும். அந்த மரத்தில் யாரும் ஆப்பிள் பறிக்க முடியாது என்பதைத் தவிர வேறு குறையில்லை.

கல்பாவில் நானும் அதே இடத்திலிருந்து ஒரு படம் எடுத்திருந்தேன், கோபுரங்களோடு. ஊர் வந்ததும் கட்டுரையோடு அதையும் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். உதவியாசிரியர் போன் செய்தார். மிக மரியாதையான பிள்ளை. படம் பிரமாதம், ஆனால் தலைப்பு போடும் இடத்தில் கம்பி வருகிறது, எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். தலைப்பை வேண்டுமானால் கீழே இறக்கிக்கொள்ளுங்கள், கம்பி அங்கேயே இருக்கட்டும் என்றேன். கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இதழ் வந்தபோது அந்தப் பக்கத்தில் வேறு படம் இருந்தது: ஒரு கூடை ஆப்பிள். நல்ல சிவப்பு. நான் அனுப்பியதைவிடக் கொஞ்சம் கூடுதலான சிவப்பு.